பதினைந்து மணி நேரமும் இருபது நிமிடமும்: மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் தயாரித்த விதம்

1955 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கமரி. மாலை ஆறரை மணி வாக்கில் 26 வயது போதகர் ஒருவர் வீடு வந்து சேர்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டில் மனைவியும், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண் குழந்தையும் இருக்கிறார்கள். ஏழு மணிக்கு ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் பேசியாக வேண்டும். தயாரிக்கக் கையில் இருப்பது 20 நிமிடம்.

நான்கு நாள் முன்னால் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதாகியிருந்தார். அதைக் கண்டித்து அந்தத் திங்கட்கிழமை ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. பிற்பகலில் தலைவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். முழுநேர ஊழியத்துக்கு வந்து ஒன்றேகால் வருடமே ஆன இந்த இளம் போதகரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரவுக் கூட்டத்தின் முக்கியமான பேச்சும் அவர் தலையில் வந்து விழுந்தது.

அவர்தான் மார்ட்டின் லூதர் கிங். அன்று மாலை தன்னைப் பிடித்துக்கொண்ட பயத்தை, அந்தப் போராட்டத்தைப் பற்றி 1958ல் எழுதிய நூலில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பிரசங்கத்துக்கு ஒவ்வொரு வாரமும் குறைந்தது 15 மணி நேரம் தேவைப்படுகிற ஆள் அவர். இப்போதோ ஒரு ஊரே வழி கேட்டுக் காத்திருக்கும்போது 20 நிமிடம்தான் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நானும் பல வருடங்களாகப் பிரசங்க பீடத்தில் ஏறி இறங்குகிறவன். முன்கூட்டியே தயாரிப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்" என்ற 81ஆம் சங்கீத வசனத்தைத்தான் அதற்கு எடுத்துக் காட்டுவார்கள். அந்தச் சங்கீதத்தைக் கடைசி வரை வாசித்தால், கோதுமையும் கன்மலைத் தேனும் வருகின்றன. பட்டினி கிடக்கிற ஜனத்துக்குக் கர்த்தர் ஊட்டுவதைச் சொல்லும் வசனம் அது. பிரசங்கியாரின் சனிக்கிழமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையை முழுவதும் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை கிங்குக்கு நடந்ததைப் பார்த்தால் தள்ளவும் முடியாது.

டெக்ஸ்டர் அவென்யூவில் முதல் வருடம்

கிங் அட்லாண்டாக்காரர். அப்பா எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர். அம்மாவைப் பெற்ற தாத்தா அதே சபையில் அதற்கு முன் போதகராக இருந்தவர். பிரசங்கத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. பென்சில்வேனியாவில் குரோசர் இறையியல் கல்லூரியில் 1948 முதல் 1951 வரை படித்தார். அப்புறம் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

படிப்பு முடிவதற்குள்ளேயே மான்ட்கமரியின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபை அவரைப் பேசிப் பார்க்க அழைத்தது. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கல் கோயில் அது. சுமார் 300 அங்கத்தினர்கள். கல்லூரி ஆசிரியர்களும் படித்த குடும்பங்களும் நிறைந்த சபை. முன்னாலிருந்த வெர்னன் ஜான்ஸ், பிரசங்கத்தில் பேர்போனவர். 1954 ஜனவரி 24 அன்று கிங் அங்கே நின்றார். முந்தின நாள் இரவு அவருக்குள் ஒரே போராட்டம். படிப்பைக் காட்டிப் பேசுவதா, ஆவியானவரை நம்பி எப்போதும்போல் பேசுவதா என்று. தன்னைப் பின்னால் நிறுத்திக் கடவுளை முன்னால் நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போனார்.

எடுத்த தலைப்பு, நிறைவான வாழ்க்கையின் மூன்று அளவுகள். வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேமை அளக்கும்போது "அதின் நீளமும் அகலமும் உயரமும் சமமாயிருந்தது" என்று வருகிறதே, அதுதான் ஆதாரம். நீளம் என்பது ஒருவன் தன்னை உருவாக்கிக்கொள்வது. அகலம், அயலான்மேல் வைக்கும் அக்கறை. உயரம், கடவுளைத் தேடிப் போவது. இந்தப் பிரசங்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரப்போகிறது.

சபை அழைத்தது, அவர் ஒத்துக்கொண்டார். ஆய்வேட்டை முடிக்க நேரம் தர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, 1954 செப்டம்பர் 1 முதல் முழுநேரமாக வந்துவிட்டார். அந்த வருடம் அவர் நாளைப் பங்கு போட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து மூன்று மணி நேரம் ஆய்வேடு. இரவில் மறுபடி மூன்று மணி நேரம் ஆய்வேடு. நடுவில் சபை வேலை: திருமணம், அடக்கம், வீட்டுப் பிரச்சினையோடு வருபவர்களைப் பார்ப்பது. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் நோயாளிகளையும் நடமாட முடியாதவர்களையும் சந்தித்து ஜெபிக்க. இத்தனைக்கும் நடுவில் பிரசங்கத்துக்கு 15 மணி நேரம்.

அந்த 15 மணி நேரம் ஒரே நாளில் கிடைத்ததில்லை. செவ்வாய்க்கிழமை குறிப்புச் சட்டகம் போடுவார். புதன்கிழமை வாசிப்பு, எந்த உதாரணம், எந்த வாழ்க்கை நிலைமை பொருந்தும் என்று தேடுவது. வெள்ளிக்கிழமை எழுதத் தொடங்குவார். பெரும்பாலும் சனிக்கிழமை இரவு எழுதி முடிப்பார். சனிக்கிழமை இரவு என்று பார்த்தவுடன் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவருடைய சனிக்கிழமைக்கும் என்னுடைய பழைய சனிக்கிழமைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. அவர் அன்றைக்கு முடித்தார். நான் அன்றைக்குத்தான் வேதாகமத்தைத் திறந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அடக்க ஆராதனைக்கு அழைப்பு வந்தால், நாலு நாளாக மனதில் ஊறிய பிரசங்கம் தாங்கும். அன்றைக்குத் தொடங்கியது தாங்காது. ஒரு முறை அப்படித்தான், துக்க வீட்டில் உட்கார்ந்து அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் என் மனம் மறுநாள் பிரசங்கத்தின் இரண்டாம் குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பிரசங்கமும் போயிற்று, ஆறுதலும் போயிற்று. அந்த வேதனை இன்னும் இருக்கிறது.

1955 அக்டோபரோடு முடிந்த சபை வருடத்துக்கு கிங் ஓர் அறிக்கை கொடுத்தார். டெக்ஸ்டரில் செய்த பிரசங்கம் 46. வெளியிடங்களில் கொடுத்த பிரசங்கமும் சொற்பொழிவும் 20. வாசித்த புத்தகம் 26, பத்திரிகை 102. நாற்பத்தாறைப் பதினைந்தால் பெருக்கினால் 690 மணி நேரம். வாசித்த புத்தகத்தின் எண்ணிக்கையைச் சபைக்குக் கணக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போதகரின் வாசிப்பு சபையின் சொத்து என்று அவரும் நினைத்தார், சபையும் அதை ஏற்றுக்கொண்டது. நம்மில் எத்தனை சபைகள் போதகரிடம் இந்த வருடம் என்ன வாசித்தீர்கள் என்று கேட்கின்றன? வரவு செலவைக் கேட்கிறோம், வீடு சந்திப்பைக் கேட்கிறோம். இதையும் அன்பாகக் கேட்கலாம்.

அந்த இருபது நிமிடம்

இப்போது அந்த மாலைக்குத் திரும்புவோம். இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் கவலையிலேயே போய்விட்டது என்று கிங் எழுதுகிறார். பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் வருவார்கள், நாடு முழுவதும் இந்தப் பேச்சு போகும் என்ற நினைப்பு வேறு. அப்புறம் ஜெபித்தார். மிச்சம் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: மக்களைத் துணிந்து செயல்பட வைக்கிற அளவுக்கு அனல் வேண்டும், அந்த அனல் வெறுப்பாக மாறாதபடி கட்டுப்பாடும் வேண்டும். இரண்டையும் ஒரே பேச்சில் எப்படிச் சேர்ப்பது? சட்டகம் மனதுக்குள் உருவாவதற்குள் நேரம் முடிந்தது. சாப்பிடாமலேயே கிளம்பினார். தேவாலயத்துக்கு ஐந்து தெரு தள்ளியே வாகன நெரிசல். உள்ளே மாலை ஐந்து மணிக்கே இடம் நிறைந்துவிட்டிருந்தது, வெளியிலும் ஆயிரக்கணக்கில் ஜனம்.

அன்று அவர் பேசியதைப் பகுத்துப் பார்த்தால் தயாரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஒடுக்குமுறையின் இரும்புக் காலடியில் மிதிபட்டு மிதிபட்டு மக்கள் களைத்துப்போகும் நேரம் ஒன்று வரும் என்று சொன்னார். கூட்டம் அதிர்ந்தது. அடுத்து, நாம் செய்வது தவறென்றால் உச்ச நீதிமன்றம் தவறு, அரசியல் சட்டம் தவறு, சர்வவல்ல கடவுளே தவறு என்று படிப்படியாக ஏறினார். பிறகு வேதாகமத்தின் ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னது: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரக்கடவது." அதோடு நிறுத்தவில்லை. அன்பைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது, அன்பின் பக்கத்தில் எப்போதும் நீதி நிற்கிறது, அன்புக்கு எதிராக எழும்புவதைத் திருத்துகிற அன்புதான் நீதி என்றார்.

கடைசியில் சொன்னது பதினைந்து நிமிடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கிற வாக்கியமா? அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வீமன் என்ற இரண்டு இறையியலாளர்கள் கடவுளைப் பற்றிக் கொண்டிருந்த கருத்துகளை ஒப்பிட்டது. அன்பும் நீதியும் எப்படிச் சேருகின்றன என்பது டில்லிக் ஆழமாக எழுதிய விஷயம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வாசித்தது, ஹோல்ட் தெருவில் சமையல்காரப் பெண்களுக்கும் கூலி வேலைக்காரர்களுக்கும் புரியும் மொழியில் வெளியே வந்தது. பள்ளிப் பருவத்திலிருந்து காதில் விழுந்த சபையின் தாளம், முந்தின வருடத்து 46 பிரசங்கங்களின் பழக்கம், எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து நின்றன. வாயைத் திறக்கும் முன்பே அது நிறைந்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கிங் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்பது இன்னும் முக்கியம். வாயைத் திற, கடவுள் உனக்காகப் பேசுவார் என்று பழைய பிரசங்கிமார் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் புரிந்தது என்று எழுதினார். அடுத்த வரியிலேயே, இந்த அனுபவத்தைக் காட்டித் தயாரிப்பு தேவையில்லை என்று நினைக்கத் தனக்கு இடங்கொடுக்க மாட்டேன் என்றும், மனுஷ பலவீனத்தைக் கடவுள் மகிமையான வாய்ப்பாக மாற்ற முடியும் என்பதை மட்டும் இது நினைவூட்டிக்கொண்டிருக்கும் என்றும் எழுதினார். அடுத்த ஞாயிற்றுக்கும் அவர் பழையபடியே உட்கார்ந்து தயாரிக்கத்தான் வேண்டியிருந்தது. 381 நாள் நடந்த அந்தப் போராட்டத்தில் வாரக் கூட்டங்களும் சேர்ந்துகொண்டன. 1956 ஜனவரி 30 அன்று அவர் வீட்டு முன்வாசலில் குண்டு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றும் தள்ளிப்போகவில்லை.

ஒரு அட்டைப்பெட்டி

1997ல் கிங்கின் மனைவி கொரெட்டா, தன் வீட்டு நிலவறையில் இருந்த காகிதங்களைப் பார்க்க ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிங் ஆவணத் திட்டத்தாருக்கு அனுமதி கொடுத்தார். அப்போது வரலாற்றாசிரியர் கிளேபோர்ன் கார்சன் தலைமையில் இயங்கிய குழு அது. அங்கே நசுங்கிப்போன ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் 200க்கும் மேற்பட்ட கோப்புகள். எல்லாம் கிங் பிரசங்கத்துக்காகச் சேர்த்தவை: கையெழுத்துக் குறிப்புகள், சட்டகங்கள், முழு எழுத்துப் படிகள், மற்றவர்களின் பிரசங்கங்களிலிருந்து எடுத்தவை. அவற்றை வைத்துத்தான் 2007ல் அந்த ஆவண வரிசையின் ஆறாம் தொகுதி வெளியானது.

பிரசங்கத் திட்டம் என்றதும் நமக்கு நினைவில் வருவது திருச்சபைப் பஞ்சாங்கம். எந்த ஞாயிற்றுக்கு என்ன தலைப்பு, என்ன பாடங்கள் என்று சபை அதில் முன்னாலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. பாப்டிஸ்ட் சபையில் அப்படிக் கட்டாயமான அட்டவணை இல்லை. கிங் தானே தலைப்பைத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவர் முன்தயாரிப்பு தேதியைச் சுற்றி அமையாமல் தலைப்பைச் சுற்றி அமைந்தது. ஒரு கோப்பு ஒரு கருத்துக்கு. அந்தக் கருத்து எப்போது பழுத்தாலும் சரி, கோப்பு திறந்தே இருக்கும்.

இதற்குச் சிறந்த சாட்சி, சத்துருக்களை நேசிப்பதைப் பற்றிய பிரசங்கம். 1957 நவம்பர் 17 அன்று டெக்ஸ்டரில் அதைப் பேசியபோது அவருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். இருந்தும் வந்தார். பேச்சின் தொடக்கத்தில், இந்த வேதபகுதியிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது பிரசங்கிப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள முயல்கிறேன், ஒவ்வொரு முறையும் புது அனுபவத்திலிருந்து கிடைத்த புது வெளிச்சத்தைச் சேர்க்கிறேன் என்று சபையிடம் வெளிப்படையாகச் சொன்னார். பின்னால் 1963ல் வந்த பிரசங்கத் தொகுப்புக்காக அதை எழுதியது ஜார்ஜியாவில் சிறைப்பட்டிருந்தபோது. தன்னை அடைத்தவர்களின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சத்துருக்களை நேசிப்பதை எழுதினார். 1957ல் எழுதி மூடியிருந்தால் அந்தச் சிறை அந்தப் பிரசங்கத்துக்குள் போயிருக்காது.

பழைய பிரசங்கத்தையே திரும்பச் செய்கிறார் என்ற குற்றச்சாட்டு நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறது. தேதியை மட்டும் மாற்றி அதே தாளை வாசித்தால் அது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் கிங்கின் மூன்று அளவுகளைப் பாருங்கள். 1954ல் டெக்ஸ்டரில் பேசிய அதே பொருளை, நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போகிற வழியில் 1964 டிசம்பர் 6 அன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பேசினார். 1967 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் மறுபடியும் பேசினார். பதின்மூன்று வருடம் ஒரு வசனத்தோடு வாழ்ந்திருக்கிறார். "புதியவைகளையும் பழையவைகளையும்" தன் பொக்கிஷத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற வீட்டெஜமானைப் பற்றி ஆண்டவர் சொன்னது இப்படிப்பட்ட வேலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்னியாகுமரியிலிருந்து ஈஸ்டருக்கு

1959 பிப்ரவரியில் கிங் தம்பதியர் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார்கள். சென்னை, மதுரைப் பக்கம் காந்திகிராமம், திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று தெற்கிலும் வந்தார்கள். மார்ச் 10 அன்று இந்தியாவிலிருந்து கிளம்பினார்கள். மார்ச் 22 குருத்தோலை ஞாயிறு. அன்று டெக்ஸ்டரில் அவர் பேசியது காந்தியைப் பற்றி. அடுத்த ஞாயிறு ஈஸ்டர். திரும்பும் வழியில் எருசலேமைப் பார்த்த அனுபவத்தைப் பேசினார். அந்த ஈஸ்டர் பிரசங்கத்தில் நம் கன்னியாகுமரி வருகிறது. மூன்று கடல் சேருமிடத்தில் பாறையில் உட்கார்ந்து சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தது, இருட்டியது, மறுபக்கத்தில் நிலா எழும்பியது. இருட்டின் நடுவிலும் கடவுளிடம் ஒரு வெளிச்சம் உண்டு என்று அதை உயிர்த்தெழுதலோடு சேர்த்தார். எத்தனையோ முறை அந்தக் காட்சியை நாமும் பார்த்திருப்போம். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு பேருந்துக்குத் திரும்பியிருப்போம்.

அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. அங்கே தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்து போனவர், யோசித்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான், என் நாட்டின் ஒவ்வொரு கறுப்பினத்தவரும் அப்படித்தான் என்று உணர்ந்தார். 1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்து ஞாயிற்றுக்கிழமை, எபனேசர் சபையில் இதைச் சொன்னார். நடுவில் ஆறு வருடம் போயிருந்தது. பார்த்ததை உடனே செலவழிக்காமல், அது எங்கே சேர வேண்டுமோ அங்கே வரும் வரை காத்திருக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊற்று வற்றியபோது

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். போராட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் அழைப்பு. வாசிக்க நேரமில்லை. 1959 கடைசியில் அவரே மனம் திறந்து சொன்னார்: கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஒதுங்கி யோசிக்கவும் தியானிக்கவும் நிற்பதில்லை, இப்படியே போனால் உடலாலும் மனதாலும் நொறுங்கிப்போவேன் என்று. ஐந்தாறு பேர் செய்ய வேண்டியதைத் தான் ஒருவனாகச் செய்ய முயன்றதாக டெக்ஸ்டர் சபையிடம் சொல்லி, அந்த நவம்பர் 29 அன்று விலகலை அறிவித்தார். 1960 பிப்ரவரியில் அட்லாண்டா போய் அப்பாவோடு எபனேசரில் இணைப் போதகரானார். வேலை அங்கேயும் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஒருவர் தோளில் இல்லை. ஒரே போதகர் பல கிளைச் சபைகளைச் சுமக்கும் நம் சேகரங்களில் இதைப் பேச வேண்டியது அவசியம். நேரமே கொடுக்காமல் நல்ல பிரசங்கம் கேட்பது அநியாயம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. கிங் மற்றவர்களின் பிரசங்கங்களிலிருந்து நிறைய எடுத்தார், பல இடங்களில் பெயர் சொல்லாமல். மூன்று அளவுகளின் மூலக்கருத்து 19ஆம் நூற்றாண்டுப் பிரசங்கி பிலிப்ஸ் புரூக்ஸிடமிருந்து வந்தது. 1968 பிப்ரவரி 4 அன்று எபனேசரில், எல்லாருக்கும் முன்னால் நடக்க விரும்பும் ஆசையைப் பற்றி அவர் செய்த புகழ்பெற்ற பிரசங்கம், ஜே. வாலஸ் ஹாமில்டன் என்ற மெதடிஸ்ட் போதகரின் பிரசங்கத்தைத் தழுவியது. ஆய்வேட்டிலும் உரிய ஒப்புகை இல்லாத பகுதிகள் இருந்ததாக 1991ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு முடிவு செய்தது. பிரசங்கம் எல்லாருக்கும் பொதுச்சொத்து என்று கருதிய மரபில் அவர் வளர்ந்தார் என்று விளக்கம் சொல்வார்கள். அந்த மரபு உண்மைதான். இருந்தாலும் யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி சொல்வது சபைக்குச் செய்யும் மரியாதை. கோப்பில் எழுதி வைக்கும்போதே பக்கத்தில் பெயரையும் குறித்துவிட்டால், பீடத்தில் சொல்வது சுலபம். என் கோப்புகளில் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஆம், நானும் கோப்பு வைத்திருக்கிறேன். முதலில் பெரிய வெள்ளிக்குத் தொடங்கினேன். அன்று பேசப்படும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஏதோ ஒன்று நமக்கு வரும் என்று ஒரு வருடம் முன்பே தெரியும். ஆனாலும் "ஸ்திரீயே, அதோ, உன் மகன்" என்ற மூன்றாம் வார்த்தையை அந்த வாரத்துப் புதன்கிழமைதான் கையில் எடுப்பேன். இப்போது ஏழுக்கும் ஏழு ஃபைல் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா சொன்ன வார்த்தை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த ஒரு மகன், எல்லாம் தேதியோடு அந்த மூன்றாம் ஃபைலுக்குள் போகின்றன. பெயர் எழுதுவதில்லை. அறுப்பின் பண்டிகைக்கும், புத்தாண்டு ஆராதனைக்கும் அப்படியே. தவறாமல் வரும் நாட்கள் இவை. வாரத் தயாரிப்பை நான் திங்கட்கிழமையே பாடங்களை ஒரு முறை சத்தமாக வாசிப்பதில் தொடங்குகிறேன். எழுத வேண்டாம், வாசித்தால் போதும். வீடு சந்திக்கப் போகும் வழியிலெல்லாம் அந்த வசனம் கூடவே வருகிறது.

மெம்பிஸ்

1968 ஏப்ரல் 3. துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக கிங் மெம்பிஸ் வந்திருந்தார். அன்று இரவு புயல் மழை. அவருக்குக் களைப்பு. கூட்டத்துக்குத் தனக்குப் பதிலாக நண்பர் ரால்ப் அபர்நாதியை அனுப்பிவிட்டு விடுதி அறையிலேயே தங்கிவிட்டார். மேசன் கோயிலில் கூடியிருந்த ஜனம் கிங்கைத்தான் எதிர்பார்க்கிறது என்று அபர்நாதி தொலைபேசியில் சொன்னார். கிளம்பி வந்தார். கையில் தாள் இல்லை. ஹோல்ட் தெருவைப் போலத்தான் இதுவும், இருபது நிமிடம்கூட இல்லை.

அன்று அவர் பேசியதில், இயேசு சொன்ன கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் வருகிறான். 1959ல் தானும் மனைவியும் வாடகைக் காரில் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிய வளைந்து வளைந்து போகும் பாதையை விவரித்தார். அந்தப் பாதையைப் பார்த்த பிறகுதான், இயேசு அந்தக் கதைக்கு ஏன் அந்த இடத்தை எடுத்தார் என்று புரிந்ததாகச் சொன்னார். உதவாமல் கடந்துபோன ஆசாரியனும் லேவியனும் இவனுக்கு உதவினால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள், சமாரியன் நான் உதவாவிட்டால் இவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டான் என்றார். ஆமோஸின் தண்ணீரும் நதியும் திரும்ப வந்தன. 1955ல் ஹோல்ட் தெருவிலும், 1963ல் வாஷிங்டனிலும் வந்த அதே வசனம்.

மறுநாள், ஏப்ரல் 4, அட்லாண்டாவில் எபனேசர் சபைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் தலைப்பைத் தொலைபேசியில் சொன்னார். அமெரிக்கா ஏன் நரகத்துக்குப் போகக்கூடும் என்பது தலைப்பு. அது வியாழக்கிழமை. அவர் பழைய வார ஒழுங்கின்படி பார்த்தால் சட்டகமும் வாசிப்பும் முடிந்து, மறுநாள் எழுதத் தொடங்க வேண்டிய நேரம். அன்று மாலை ஆறு மணிக்குப் பிறகு விடுதி மாடியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஞாயிறு, ஏப்ரல் 7, குருத்தோலை ஞாயிறு.